அண்ணி காய்ச்சிய ஈயம்

கோவளத்திலிருந்து எங்கள் குப்பத்துக்கு அண்ணி வாழ வந்தபோது நான் தாவணி போடத் தொடங்கியிருந்தேன். மீன்வலையின் அடியில் கட்டும் ஈயக் குண்டுகளை எங்கள் வீட்டில்தான் வார்த்து, மாமல்லபுரம் வரை விற்றோம். அப்பா பழைய பஸ் பேட்டரிகளை உடைத்துத் தகடுகளைக் கொண்டுவருவார். உருக்குவது மருமகளின் வேலை என்றாகிவிட்டது. குழம்பை இறக்கிவிட்டு அதே அடுப்பில் ஈயச் சட்டியை ஏற்றுவாள். சன்னல் இல்லாத சமையல்கட்டு. சாம்பல் நிறத் தூசு சோற்றுப் பானை மூடியிலும் படிந்திருக்கும்.

முதல் கரு கலைந்தது. அடுத்தது ஆண் பிள்ளை, செத்துப் பிறந்தது. அதன் பிறகு அண்ணிக்கு வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி. குடத்தைத் தூக்கினால் கை நழுவியது.

"வேலைக்குப் பயந்துகினு நடிக்கிறா" என்றாள் அம்மா.

நான்தான் பஸ் ஏறி அவளைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனேன். லேடி டாக்டர் அவள் உதட்டை விலக்கி, ஈறில் ஓடிய கருநீலக் கோட்டைப் பார்த்தார். வீட்டில் என்ன வேலை என்று கேட்டார். சொன்னோம்.

"ஈயம் உடம்புல ஊறிப்போயிருக்கும்மா. பிள்ளை தங்காததுக்கும் அதுதான் காரணமா இருக்கும். இனிமே அந்த அடுப்புப் பக்கமே போகக்கூடாது."

வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தேன். அம்மா என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

"நானுந்தான் காச்சினேன். ஆறு பெத்து நாலைப் பொதச்சேன். டாக்டராண்டயா ஓடினேன்? இவ வவுறு சரியில்ல, அவ்ளோதான்."

தன் வாயால் என்ன சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. அண்ணன் வலையைப் பிரித்துக்கொண்டே இருந்தான், தலை நிமிரவில்லை. அந்த மாதமே அண்ணியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மலடி என்ற பேரும் கூடவே போனது.

அண்ணன் மறுபடி கட்டிக்கொண்டான். புதிதாக வந்தவளும் அதே சட்டியின் முன் உட்கார்ந்தாள். அவளுக்கும் கரு கலைந்தது. அம்மா பூசாரியை அழைத்து வீடு முழுக்க வேப்பிலை கட்டினாள். டாக்டர் சொன்னதை நான் திரும்ப எடுத்தபோது அப்பா கத்தினார்: "ஈயம் இல்லாம வலை எறங்குமா? சோறு எங்கிருந்து வரும்?"

சில வருடம் கழித்துக் கோவளம் மீன் கடையில் அண்ணியைப் பார்த்தேன். வேறொருவரைக் கட்டியிருந்தாள். மடியில் கொழுகொழுவென்று ஒரு பெண் குழந்தை. அவள் எங்கள் வீட்டார் யாரையும் விசாரிக்கவில்லை.

"புச்சா வந்த பொண்ணு இன்னும் அந்த அடுப்பாண்டதான் குந்தினுகீறாளா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"நீ சொல்லலியா?"

"சொன்னேன் அண்ணி. யார் கேக்கறாங்க?"

அவள் மீன் வாங்க வந்தவரிடம் விலை சொல்லத் திரும்பிவிட்டாள்.