வேலாயுதன் சார் தின்ற மலேசியா முட்டை

அருமநாயகத்துக்குக் கர்த்தர் எல்லாம் கொடுத்திருந்தார். துபாயில் வேலை, ஊரில் காங்கிரீட் கூரை போட்ட தார்சு வீடு, பூப்போட்ட பிளாஸ்டிக் விரித்த சாப்பாட்டு மேசை, பட்டனைத் தட்டினால் கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவரும் மோட்டார். ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. மேலத்துவீட்டு வேலாயுதன் சார் அந்த மேசையில் உட்கார்ந்து ஒரு வாய் தின்ன வேண்டும், ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். இதென்ன பெரிய ஆசை என்று கேட்கிறவர்கள் பாறசாலைப் பக்கம் பிறக்காதவர்கள்.

அவன் அப்பா யோசுவா மேலத்துவீட்டுக் குடிகிடப்புக்காரர். அதாவது அவர்கள் மண்ணில் ஓலைக்குடிசை போட்டுக் கிடந்து, இறங்கு என்று சொன்ன அன்றைக்கே சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டிய ஆள். பகல் முழுக்க வேலை செய்தபின் மேலத்துவீட்டுப் பிலாமூட்டில், அதாவது பலாமரத்தடியில், மண்ணைக் குழித்து, வாழையிலையை அதில் தாழ்த்தி, கஞ்சியை ஊற்றுவார்கள். பிலாவிலையைக் கோட்டிக் கோரிக் குடிக்க வேண்டும். சின்னப்பிள்ளை அருமநாயகமும் அந்தக் குழி ஓரத்தில் குந்தியிருந்தவன்தான். பிறகு சட்டம் வந்தது, குடிசை கிடந்த பத்து சென்ட் மண் குடிசைக்காரனுக்கே என்றாயிற்று. யோசுவா முதல் காரியமாக அதில் ஒரு கிணறு வெட்டினார். தண்ணீர் கிடைத்த வருஷமே செத்தும்போனார். மேலத்துவீட்டுக்காரர் ஒருத்தராவது அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு குடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து சென்ட் கைமாறியதும் பெரிய குழப்பம் வந்தது, வேலாயுதனை என்னவென்று கூப்பிடுவது என்பதில். பழைய 'ஏமானே' அருமநாயகத்தின் வாயில் வரமாட்டேன் என்றது. 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டேன் என்றார். கடைசியில் இரண்டு பேரும் 'சாரே'யில் வந்து சமாதானமானார்கள். வேலாயுதன் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவர் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் இல்லையென்றால், நிலச்சட்டத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் கூப்பிட்டிருக்கவே முடியாது.

சார் இப்போது முற்போக்கு. மேடையில் ஏறினால் சமத்துவம் தவிர வேறு பேச்சில்லை. ஆனால் அருமநாயகம் வீட்டில் விசேஷம் என்றால் மட்டும் அவருக்கு எங்கிருந்தோ ஒரு விரதம் வந்துவிடும். வீடு பால்காய்ச்சினபோது ஏகாதசி. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது சஷ்டி. கிறிஸ்துமசுக்குப் பஞ்சாங்கம் கைகொடுக்கவில்லை, அதனால் வயிற்றுப்போக்கு. அதே சார், அருமநாயகம் லீவில் வந்த மறுநாளே கைவீசிக்கொண்டு வருவார். பாரின் சிகரெட் வாங்குவார், கோடாலித் தைலம் வாங்குவார், சென்டை அக்குளில் அடித்துப் பார்ப்பார். ஒரு தடவை வாசலில் நின்றபடியே பாரின் சாக்லேட்டை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு, அருமநாயகத்தின் பெண்சாதி சாராம்மா கொண்டுவந்த மோரை விரதம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். இப்படியும் ஒரு விரதம்.

அந்தச் சாக்லேட்டில்தான் அருமநாயகத்துக்கு வெளிச்சம் பிறந்தது. கடல் தாண்டி வந்ததற்குத் தீட்டில்லை. அப்படியானால் சாப்பாடும் கடல் தாண்டி வரட்டும்.

துபாய் கேம்ப் மெஸ்ஸில் ஹாஷிம் என்று ஒரு மலேசியாக்காரன் சமையலுக்கு இருந்தான். அவன் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு முட்டைச் சம்பல் வைப்பான். சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு, காரமென்றால் அப்படியொரு காரம். அருமநாயகம் அவன் பக்கத்தில் நின்று உள்ளி உரித்துக்கொடுத்தே அந்தப் பண்டத்தைப் படித்துவிட்டான். அதை வீட்டில் வைத்து சாரைக் கூப்பிட வேண்டியதுதான். லீவு முடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சம். இதைவிட்டால் இன்னும் இரண்டு வருஷம்.

மேலத்துவீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். இது நம்ம நாட்டுச் சாப்பாடே இல்லை, மலேசியாக்காரன் கைப்பக்குவம், பாறசாலையில் இதுவரை ஒரு மனுஷன் நாக்கிலும் பட்டதில்லை என்றான். சார் தாடையைத் தடவினார். பஞ்சாங்கத்தில் முட்டைக்கு விரதம் உண்டு, மலேசியா முட்டைக்கு ஏதாவது எழுதியிருக்குமா என்று யோசித்திருப்பார் போலும். பிறகு, பாரின் சாதனமென்றால் ருசி பார்க்காமல் விடக்கூடாது, வாறேன் என்றார். ஆனால் சோறு போடக் கூடாது, டாக்டர் சோறு விலக்கியிருக்கிறார் என்று கூடவே ஒரு நிபந்தனை. சோறு உள்நாடு அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டு அருமநாயகம் அடுக்களையில் இறங்கினான். சாராம்மா வாசற்படியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள். மலேசியா முட்டைக்கு வேண்டிய சாமான் எல்லாம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? வத்தல் மிளகாய் பாறசாலைச் சந்தையில் வாங்கியது. ஹாஷிம் போடுகிற இறால் விழுதுக்குப் பதில் பொழியூர்க் கடற்கரையில் வெயிலில் உணக்கின பொடி இறால். மணத்துக்கு வேண்டிய இஞ்சிப்புல் அம்பூரி மலையிலிருந்து. முட்டை, சாராம்மா வளர்க்கிற கோழிகள் இட்டது. மலேசியாவிலிருந்து வந்தது பெயர் மட்டும்தான்.

வத்தலை வெந்நீரில் ஊறப்போட்டு விதையைத் தட்டிக் களைய வேண்டும் என்பது ஹாஷிமின் கண்டிஷன். காசு கொடுத்து வாங்கின வத்தலில் பாதியைக் குப்பையில் கொட்டவா என்று சாராம்மா மறித்ததில் விதையும் அம்மிக்குப் போயிற்று. உள்ளி, பூண்டு, இஞ்சிப்புல்லின் வெள்ளைத்தண்டு, வறுத்த இறால் எல்லாம் சேர்த்து வெண்ணெய் போல அரைத்தாயிற்று. முட்டையை அவித்து, தோலுரித்து, மேலே கொப்புளம் கொப்புளமாக வரும்வரை எண்ணெயில் பொரித்தாயிற்று. அரைத்ததை எண்ணெயில் கொட்டி, சின்னத் தீயில் எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை வதக்கினான். புகை தெரு முழுக்கப் போய், எதிர்த்த டீக்கடை கருணாகரன் தும்மித் தும்மிக் கடைப்பலகையை எடுத்து மறைத்தான். புளியும் உப்பும் விட்ட பிறகு ஒரு பெரிய கட்டி சர்க்கரை போட வேண்டும். ஹாஷிம் போட்டது பனஞ்சர்க்கரை, அதாவது நம்முடைய கருப்பட்டியேதான். சாராம்மா கருப்பட்டியை எடுத்தும் நீட்டினாள்.

அருமநாயகம் கையைத் தட்டிவிட்டான். கருப்பட்டி வாசம் வந்தால் சார் கண்டுபிடித்துவிடுவார், இது நம்ம ஊர்ச் சாமான் என்று. அந்த ஒரு கட்டிதான் அந்த நெருப்பை அணைக்கக்கூடிய ஒரே சாதனம். அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, விதையோடு அரைத்த வத்தலை மட்டும் கொதிக்கவிட்டான் மகராஜன்.

இதெல்லாம் நடக்கும்போது பின்பக்கத்துத் தோட்டத்து விளையில் தங்கப்பன் மரச்சீனிக் கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். துபாய்க் காசில் வாங்கின விளை அது. தங்கப்பன்தான் அங்கே பணிக்காரன். நல்ல ஆள். அவன் கஞ்சி குடிக்கிற சட்டி பின்வாசல் பிலாக்கொம்பில் தனியாகத் தொங்கும். தண்ணீரைத் தன் வீட்டிலிருந்தே ஒரு அலுமினியச் செம்பில் கொண்டுவந்துவிடுவான். உள்ளே வந்து இருந்து தின்னட்டுமே என்று சாராம்மா ஒரு தடவை கேட்டதற்கு, அவனுக்கு அதுதான் சௌகரியம் என்று அருமநாயகம் சொல்லிவிட்டான். தங்கப்பனிடம் யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் சார் வந்தார், அலக்கித் தேய்த்த வேட்டியும் அருமநாயகமே கொடுத்த சென்டுமாக. மேசையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தட்டைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருந்த இங்கிலீஷ் எழுத்தை வாசித்தார். தட்டு பாரின். கரண்டி பாரின். திருப்தியாகத் தலையாட்டினார். அருமநாயகம் எதிரே உட்கார்ந்து, இரண்டு தட்டிலும் சம்பலைப் பரிமாறினான். அப்பா, பாத்துக்கிடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

முதல் வாயைச் சார் மென்று முழுங்கினார். இரண்டாவது வாய்க்குக் காது சிவந்தது. மூன்றாவது வாய்க்கு மொட்டைத்தலையில் முத்து முத்தாக வேர்வை. பேஷ், பாரின் என்றால் பாரின்தான், இதிலே ஒரு தரம் இருக்கு பாரு என்று மூச்சு வாங்க வாங்கப் பாராட்டினார். எதிரே அருமநாயகத்துக்கும் நாக்கு தீப்பிடித்துவிட்டது. நடுவில் கண்ணாடி ஜக் நிறையத் தண்ணீர். ஆனால் சார் தொடாமல் அவன் தொடுவதாக இல்லை. ஜக்கை இரண்டு பேரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மறுபடியும் முட்டையைத் தின்றார்கள்.

சார் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜக் துபாய் ஜக்கா என்று கேட்டார். ஆமாம் என்றான்.

"உள்ள கெடக்க தண்ணி?"

அருமநாயகத்துக்குப் பொய் நாக்கின் நுனிவரை வந்தது. பாட்டில் தண்ணி, பாரின் என்று ஒரு சொல் சொன்னால் போதும், மனுஷன் மடக் மடக்கென்று குடித்துவிடுவார். அப்படிக் குடித்து யாருக்கு என்ன?

"நம்ம கெணத்துத் தண்ணியாக்கும் சாரே. எனக்க அப்பா வெட்டின கெணறு."

சார் கையை இழுத்துக்கொண்டார். வீம்புக்கு இன்னொரு முட்டையை எடுத்து முழுசாக வாயில் போட்டார். அதுதான் வினையாகிவிட்டது. இரண்டு கையாலும் ஜக்கைத் தூக்கி, டம்ளர் கிம்ளர் ஒன்றும் இல்லாமல், வாயை அதிலேயே வைத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அதுவும் போதாமல் எழுந்து ஓடினார். மேலத்துவீட்டுக் கால் அருமநாயகத்தின் அடுக்களைக்குள் போயிற்று. சாராம்மா விலகி வழிவிட, பானையிலிருந்து கோரிக் கோரிக் குடித்தார், வாய் கொப்புளித்தார், மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டார். சட்டமும் மேடைப்பேச்சும் இத்தனை வருஷம் செய்யாததைப் பாறசாலைச் சந்தை வத்தல் செய்தது. அருமநாயகத்துக்குக் கண்ணீர் தாரை தாரையாக வந்தது. பாதி காரம், பாதி யோசுவா.

சந்தோஷம் வாசல் கேட் வரைக்கும்கூட நிற்கவில்லை. சாரை வழியனுப்பப் பின்னாலேயே போனவன், எதிரே கருணாகரன் கேட்டதையும் சார் சொன்ன பதிலையும் காதால் கேட்டான். என்ன சாரே, அருமநாயகத்துக்க வீட்டிலே ஊணா என்று கருணாகரன் கேட்டான்.

"சே, அங்க நான் ஒண்ணும் தின்னேல்ல," என்றார் சார், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "மலேசியா சாதனம் ஒண்ணு ருசி பாத்தேன். தண்ணி, மருந்து குடிச்ச மாதிரியாக்கும். அது கணக்கில் வராது."

அருமநாயகம் அப்படியே நின்றான். வயிறு எரிந்தது, காரத்தில் எரிந்தது வேறு, இது வேறு. ஜக்கில் வாய் வைத்துக் குடித்த எச்சில் காய்வதற்குள் இப்படிச் சொல்ல ஒரு மனுஷனுக்கு நாக்கு வருமா? தூ, இதெல்லாம் ஒரு பிறவியா? நெஞ்சிலே ஈரம் உள்ளவன் தண்ணீரில் சாதி பார்ப்பானா? இப்படிப் பொருமிக்கொண்டே வீட்டுக்குள் வந்தபோதுதான், தான் இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை என்று நாக்கு ஞாபகப்படுத்தியது.

ஜக் காலி. பானை காலி. மோட்டார் பட்டனைத் தட்டினால் கரண்டு இல்லை. கிணற்றில் கோரலாம் என்று ஓடினால் கப்பி இல்லை, கயிறு இல்லை, வாளி இல்லை. மோட்டார் வைத்த வீட்டில் கப்பி கிடந்தால் பட்டிக்காடு மாதிரி இருக்கும் என்று அவனே போன மாதம் கழற்றி எறிந்திருந்தான். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழே பளபளவென்று கிடந்த அப்பாவின் தண்ணீரைப் பார்த்தபடி நாய் போல இரைத்தான்.

தங்கப்பன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஆளின் முகத்தைப் பார்த்தான், பிலாமூட்டுக்குப் போனான், தன் அலுமினியச் செம்பை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினான்.

அருமநாயகத்தின் கை பாதி தூரம் போயிற்று. அங்கேயே நின்றது.

செம்பில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. வாய்விளிம்பில் கஞ்சிப் பாடு காய்ந்திருந்தது. தங்கப்பன் அந்தக் கையைப் பார்த்தான். பார்த்துப் பழகினவன்தான். நீட்டின செம்பை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஓடிப்போய்க் கருணாகரன் கடையிலிருந்து வாங்கி வரட்டுமா என்று கேட்டான்.

சாராம்மா பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"என்ன," என்றாள், "ஒங்களுக்கும் இன்னைக்கு விரதமாக்கும்?"

அருமநாயகம் தங்கப்பனின் கையிலிருந்து செம்பைப் பிடுங்கினான். பழக்கதோஷத்தில் உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றப் போய், தண்ணீர் மூக்கில் ஏறி இருமினான். பிறகு செம்பைத் தாழ்த்தி, கஞ்சிப் பாடு காய்ந்திருந்த அந்த விளிம்பிலேயே வாயை வைத்துக் குடித்தான். சாராம்மா பிலாக்கொம்பில் தொங்கின தங்கப்பனின் சட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.