மூன்றாவது தேயிலை மரம்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோலாலம்பூரில் பேருந்து ஏறினேன். டிக்கெட் நாற்பது ரிங்கிட். தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு விலகியதும் மலைமேல் இருக்கும் தானா ராத்தா வரை ஏறக்குறைய அறுபது கிலோமீட்டரும் வளைவுதான். வால்பாறையில் பிறந்து வளர்ந்த நானே முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

என்னை அழைத்தவர் அங்கே சாப்பாட்டுக் கடை நடத்தும் சுல்தான் பாய். அவரும், ஆஸ்பத்திரியில் கிளார்க்காக இருக்கும் வாசுகியும், இன்னும் சிலரும் ஞாயிறுதோறும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பழைய லைன் வீடுகள் இடிந்த இடங்களில் மேல்மண்ணைக் கிளறுகிறார்கள். தொல்லியல் படித்தவர் ஒருவரும் இல்லை. கிடைத்ததெல்லாம் கடை அலமாரியில் இருக்கிறது: துரைமார் குடித்துப் போட்ட பாட்டில்கள், பீங்கான் சில்லுகள், கொழுந்து நிறுத்த தராசின் கொக்கி. ரொட்டி சானாய் சுடும் கல்லுக்குப் பக்கத்தில் அருங்காட்சியகம் வைத்திருக்கும் மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை ஏழரைக்கு மூவரும் வாசுகியின் காரில் கிளம்பினோம். போன இடம், வாசுகி பிறந்த லைன் இருந்த சரிவு. வீடுகள் போய் வெகுகாலம் ஆகிறது. மறுநாள் இயந்திரம் வந்து பழைய தேயிலையை வேரோடு பிடுங்கப்போகிறது, புதிதாக நட. எஸ்டேட் மேனேஜர் ஒரே ஒரு நாள் அனுமதி தந்திருந்தார்.

இடுப்புயரத் தேயிலைக்கு நடுவே, ஓடைக்கு மேலே ஒரு வரிசையாக மரங்கள் நின்றன. அவையும் தேயிலைதான். கவ்வாத்துக் கத்தி படாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும்.

"இத மட்டும் ஏன் வெட்டாம விட்டாங்க?" என்றேன்.

"அதான் தம்பி கேள்வியே!" என்றார் பாய். "வெட்டுறவங்கள கேட்டா, முன்னாடி இருந்தவங்க விடச் சொன்னாங்கன்னு சொல்றாங்க, அவ்வளவுதான்லா. இங்க ஒரு கோயில் இருந்திருக்கணும். ஒரு அடையாளம் கெடச்சா போதும், மேனேஜர் இந்த எடத்த விட்டுடுவாரு."

மூன்றாவது மரத்தின் வேரடியை மழை அரித்திருந்தது. அங்கே உட்கார்ந்து கொத்துக்கரண்டியால் சுரண்டினேன். ஒரு மணி நேரத்தில் கரண்டி எதிலோ தட்டியது. பச்சை பிடித்த பித்தளை, உள்ளங்கை அளவு, ஒரு பக்கம் மூக்குபோல் நீண்டிருந்தது.

"வெளக்கு!" என்று கத்தினேன். பாய் ஓடிவந்து என் முதுகில் ஓங்கித் தட்டினார். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தோம்.

வாசுகி அதை வாங்கி, மண்ணைத் துடைத்தார். மூக்கை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது வெளக்கு இல்ல அண்ணே. பாலாடை."

பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடை! என் அம்மாவும் வைத்திருந்தாரே, எனக்கு எப்படித் தெரியாமல் போனது? கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

வாசுகி ரிங்லெட்டில் இருக்கும் தன் அம்மாவுக்குப் போன் போட்டார். கையெல்லாம் மண் என்பதால் ஸ்பீக்கரில் வைத்தார்.

"அம்மா, நம்ம பழைய லைனுக்கு மேல, ஒசந்த தேயிலை மரத்துக்கிட்ட ஒரு பாலாடை கெடச்சிச்சும்மா."

"எத்தனாவது மரம்?"

"ஓடையிலேர்ந்து மூணாவது."

"வெச்சுடு. எடுத்த எடத்துலயே வெச்சு மண்ண மூடு. அது ஒங்க அக்காவோடது."

"எனக்கு ஏதும்மா அக்கா?"

"பேரு வெக்கிறதுக்குள்ள போயிட்டா. எல்லாருந்தான் எங்க பிள்ளைங்கள அங்க வெச்சோம். கல்லு நட்டா துரை ஏன்னு கேப்பாரு. ஒரு செடிய வெட்டாம விட்டா யாரு கேக்கப் போறா?"

வாசுகி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பாய் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார். நான் வரிசையைப் பார்த்தேன். ஓடையிலிருந்து மேடு வரை மரங்கள். எண்ண எனக்குத் துணிவு வரவில்லை.

பாலாடையை வாசுகியே உள்ளே வைத்தார். கையால் மூடினோம்.

மாலையில் வாசுகி மேனேஜரைப் பார்த்துச் சொன்னார். ஒரு மரம் என்றால் பரவாயில்லை, ஒரு வரிசையை எப்படி விடுவது, மேலே கேட்க வேண்டும் என்றாராம். ஆனால் இயந்திரம் எட்டு மணிக்கே வந்துவிடும்.

திங்கள் காலை ஏழே முக்கால். நல்ல பனி. பாயும் நானும் போனபோது மூன்றாவது மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வாசுகியின் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் தனியாக வரவில்லை. கம்போங் ராஜாவிலிருந்தும் தானா ராத்தாவிலிருந்தும் அவர் வயதுப் பெண்கள் வந்திருந்தார்கள். யாரும் யாரையும் வழி கேட்கவில்லை. ஆளுக்கொரு மரத்தடிக்கு நேராகப் போய் உட்கார்ந்தார்கள். இயந்திரக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வண்டியை அடுத்த சரிவுக்குத் திருப்பிக்கொண்டு போனார்.

பத்தரை மணிப் பேருந்தில் மலை இறங்கினேன். தாப்பா வருவதற்குள் வாசுகியின் செய்தி வந்தது: மரங்களை விட்டுவிடச் சொல்லி மேனேஜரே வந்து சொல்லிவிட்டாராம். பெண்கள் இன்னும் எழுந்திருக்கவில்லையாம்.

எங்கள் வால்பாறை எஸ்டேட்டிலும் லைன் வீடுகளுக்குக் கீழே கத்தி படாத தேயிலை மரங்கள் இருந்தன. விதைக்கு விட்டது என்று நினைத்து, நாங்கள் பையன்களெல்லாம் அதில் கயிறு கட்டி ஊஞ்சல் ஆடுவோம். சாயங்காலம் வேலை விட்டு வரும் பெண்களில் யாராவது ஒருத்தி வந்து கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். மறுநாளும் கட்டுவோம், மறுநாளும் அவிழ்ப்பார்கள். எதற்கெடுத்தாலும் எங்களைத் திட்டுகிற பெண்கள், அதற்கு மட்டும் ஒரு நாளும் திட்டியதில்லை.