பலூனா, கம்பியா

காலையில் கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்தால், எங்கள் வண்டி பின்பக்கம் சரிந்து உட்கார்ந்திருக்கும். பால் வாங்கிக்கொண்டு போகும் எதிர்வீட்டு அக்கா ஒருநாளும் சும்மா போகமாட்டார்.

"இன்னாம்மா, உங்க மாடு இன்னும் எழுந்திருக்கலியா?"

"அவரு வந்து எழுப்பணுங்க்கா."

என் கணவர் வந்து சாவியைத் திருப்புவார். அடியில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் கொர்ரென்று கத்தும். வண்டி முதலில் லேசாக முனகி, பிறகு முதுகை நிமிர்த்தி, ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து நிற்கும்.

எங்கள் ஊர் செலியமேட்டில் கொஞ்சம் உயரமான எந்த வண்டிக்கும் ஜீப் என்றுதான் பெயர். எங்கள் ஜீப்பைப் புதுச்சேரியில் ஒருவர் ஓட்டிச் சலித்த பிறகு என் கணவர் வாங்கினார். மழைக்காலத்தில் எங்கள் கரும்புக் கொல்லைக்குப் போகும் பாதையில் இறங்கினால் சாதாரணக் கார் அங்கேயே குடியிருந்துவிடும். நாலு சக்கரமும் இழுக்கிற இந்த வண்டி போய்விட்டு வந்துவிடும். அதைவிட அவருக்குப் பெருமை, அதன் அடியில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருந்த காற்றுப் பைகள்தான். மெக்கானிக்குகள் அதைப் பலூன் என்பார்கள். ஒரு பட்டனை அமுக்கினால் பலூனில் காற்று ஏறி வண்டி இன்னும் உயரும். பாதையில் தண்ணீர் நின்றால் புடவையைத் தூக்கிக்கொண்டு நடப்பது போல நடக்கும்.

எனக்கும் அந்தப் பலூனைப் பிடித்திருந்தது. காரணம் வேறு. என் மகளுக்கு அப்போது நாலு வயதாகப் போகிறது. கதவு வைத்த எந்த வண்டியில் ஏற்றினாலும் வாந்தி எடுப்பாள். என் அம்மா வீடு சுத்துக்கேணியில். பாகூர்ப் பக்கத்திலிருந்து கரிக்கலாம்பாக்கம், மங்கலம், வில்லியனூர், பத்துக்கண்ணு என்று போகவேண்டும். பெரிய தூரம் இல்லை. ஆனால் அவள் மங்கலத்துக்குள் ஒருமுறை, வில்லியனூரில் ஒருமுறை எடுத்துவிட்டு, அம்மா வீட்டுக்குள் நுழையும்போது பிழிந்த துணி மாதிரி என் தோளில் கிடப்பாள். அவள் தெளிந்து உட்காரும் நேரத்தில் நாங்கள் கிளம்பவேண்டியிருக்கும். கிளம்பினால் மறுபடி அதே கதை. பிள்ளையார்குப்பத்தில் குழந்தை டாக்டரிடம் காட்டினோம். ஒன்றுமில்லை, வளர வளரச் சரியாகிவிடும் என்றார். எவ்வளவு வளர வேண்டும் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

கடைசியில் போவதையே குறைத்துக்கொண்டேன். அம்மா போனில் கோபப்பட மாட்டார். "புள்ளய போட்டு வாட்டாத, நானே ஒரு நாளைக்கி வர்றேன்" என்பார். முட்டிவலியோடு மூன்று பஸ் மாறி அவர் வருவதை நினைத்தால் எனக்குத்தான் குற்றவுணர்ச்சியாக இருக்கும். என் பிள்ளைக்கு என் அம்மா வீடு என்றாலே குமட்டலும் தலைசுற்றலும் என்று ஆகிவிடுமோ என்பதுதான் என் பயம்.

அதனால்தான் பலூன் வண்டி வந்தபோது சந்தோஷப்பட்டேன். ஊஞ்சல் மாதிரி இருந்தது. முதல் பயணத்தில் வேகத்தடை ஏறி இறங்கியதே தெரியவில்லை. என் கணவர் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

"பாத்தியா? ஒரு டம்ளர்ல தண்ணி வெச்சாக்கூட சிந்தாது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்சீட்டில் சிந்திவிட்டது.

அடுத்த சில மாதங்களில் பலூனில் வெடிப்பு விட்டு, வண்டி தினமும் உட்கார ஆரம்பித்தது. வில்லியனூரில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, கையைத் துடைத்தபடி சொன்னார்: "ரெண்டு வழி இருக்குது சார். புது பலூன் போடலாம். இல்லன்னா பலூனு, கம்ப்ரஸரு எல்லாத்தயும் கழட்டி கடாசிட்டு காயில் ஸ்பிரிங், அதான் கம்பிச் சுருளு, போட்டுர்லாம்."

"எது நல்லது?" என்று கேட்டேன்.

"ரெண்டுமே நல்லது தான் மேடம்."

"குழந்தைக்கு?"

"கொழந்தைக்கும் ரெண்டுமே நல்லது தான்."

"நீங்க உங்க வண்டின்னா எது போடுவீங்க?"

"எங்கிட்ட பைக்கு தான் மேடம் இருக்குது."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பின் சீட்ல உக்கார்றது நீங்க ரெண்டு பேரு தான். நீயே சொல்லு" என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் அவர் கண் அந்த உயர்த்தும் பட்டன் மேலேயே இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று நேரம் வாங்கிக்கொண்டேன்.

யோசிப்பது என்றால் என்னிடம் அதற்கு அளவே கிடையாது. போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். பாலைவனத்தில் வெள்ளைக்காரர்கள் பலூன் வெடித்து நிற்பதைப் பார்த்தால் காயில்தான் என்று தோன்றும். காயில் போட்டவர் தண்ணீர் குடிக்கும்போது பாட்டில் மூக்கில் இடிப்பதைப் பார்த்தால் பலூன்தான் என்று தோன்றும். அம்மாவிடம் கேட்டேன். "மெத்துனு இருக்கறத போடுடி, பச்ச ஒடம்பு" என்றார். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

அந்த வாரம் கரும்பு வெட்டு நடந்தது. என் மகள் அவள் அப்பா மடியில் டிராக்டரில் உட்கார்ந்துகொண்டு கொல்லைக்கும் ரோட்டுக்கும் போய்ப்போய் வந்தாள். அந்தப் பாதையில் டிராக்டரில் போனால் பெரியவர்களுக்கே குடல் இடம் மாறும். அவளோ பள்ளத்துக்குப் பள்ளம் "ஆ... ஆ..." என்று குரல் நடுங்குவதை ரசித்துக்கொண்டே வந்தாள். இறங்கியதும் முறுக்கு கேட்டாள். நான் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். குலுக்கல் இவளை ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால் மிதப்புதானே செய்கிறது? ஊஞ்சலில்கூட இவள் அதிக நேரம் உட்கார்ந்ததில்லையே?

"காயிலே போட்டுடலாங்க" என்றேன்.

"நல்லா யோசிச்சியா?"

அதை மட்டும் என்னிடம் கேட்கக்கூடாது. இன்னும் இரண்டு நாள் யோசித்துவிட்டு, அதையே சொன்னேன். அவர் பட்டனுக்கு மனதிற்குள் துக்கம் அனுசரித்துக்கொண்டு வண்டியை விட்டுவிட்டு வந்தார். லோடு ஏற்றுவீர்களா என்று மெக்கானிக் கேட்டாராம். இவர் வீராப்பாக, உரம், விதைநெல் எல்லாம் ஏற்றுவேன் என்று சொல்லியிருக்கிறார். அவரும் அதற்கேற்ற தடித்த ஸ்பிரிங்காகப் பார்த்துப் போட்டுவிட்டார்.

முதல் பயணம். கரிக்கலாம்பாக்கம் வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் நாங்கள் மூவரும் சேர்ந்து குதித்தோம். மகள் சிரித்தாள். மங்கலம் தாண்டி ஒரு பள்ளத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதன்பிறகு சுத்துக்கேணி வரை ஒரே அழுகை. "வண்டி அடிக்குது, வண்டி அடிக்குது." வாந்தி ஒருமுறைகூட வரவில்லை. ஆனால் அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அதைச் சாதனையாகச் சொல்ல முடியவில்லை. பலூனையே போட்டிருக்கலாமோ? எல்லோரும் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ? அம்மா கேழ்வரகு அடை சுட்டுக் கொடுத்தார். நான் அதையும் யோசித்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது அம்மா வழக்கம்போல வண்டியை நிரப்பினார். இரண்டு மூட்டை அரிசி, ஒரு சாக்கு தேங்காய், மணிலாக் கொட்டை, ஒரு பலாப்பழம். ரோட்டுக்கு வந்ததுமே வித்தியாசம் தெரிந்தது. வண்டி குதிக்கவில்லை. மிதக்கவும் இல்லை. நல்ல சாப்பாடு சாப்பிட்ட ஆள் மாதிரி நிதானமாகப் போனது. மகள் ஊசுட்டேரிப் பக்கம் கொக்கு பார்த்தாள். வில்லியனூரில் பேச்சு. மங்கலத்தில் தூக்கம்.

"லோடு இருந்தா தான் இந்த ஸ்பிரிங் படியுது" என்றார் என் கணவர். "காலி வண்டிக்கி இது ரொம்ப முறுக்கு."

ஆகவே அடுத்தமுறை போகும்போது, மில்லில் நெல் அரைத்து வந்திருந்த எங்கள் அரிசியில் இரண்டு மூட்டையைப் பின்னால் ஏற்றிக்கொண்டோம். மகள் சுகமாக வந்து இறங்கினாள். அம்மா அவளைக் கொஞ்சிக்கொண்டே வண்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி இது?"

"அரிசிம்மா."

"அது தெரியுது. இந்த வூட்ல சோறு இல்லன்னு யாராச்சும் வந்து சொன்னாங்களா?"

"வண்டிக்கும்மா. வெயிட்டு இருந்தா தான் குதிக்காது."

"வண்டி சோறு துன்னுதா? இன்னா மாப்ள, நீங்களாச்சும் சொல்லக்கூடாதா?"

"எறக்கல அத்த. அப்டியே திருப்பி எடுத்துக்கினு போய்டுவோம்" என்றார் அவர்.

"எறக்காம எடுத்துக்கினு போனா, மாமியாக்காரி வாங்கிக்கலன்னு பேசுவாங்க. எறக்குனா, பொண்ணு வூட்டு அரிசிய துன்றாங்கன்னு பேசுவாங்க. ஸ்பிரிங் கதய நான் வூடு வூடா போயி சொல்லிக்கினு இருக்கணுமா?"

"சரிம்மா, அடுத்த வாட்டி மணல் மூட்ட போட்டுக்கறோம்."

"மண்ணா? பொறந்த வூட்டுக்கு மண்ணு வாரிக்கினு வருவியா? புள்ளய வெச்சிக்கினு பேசற பேச்சா இது?"

என் கணவர் டயரைப் பரிசோதிக்கிற சாக்கில் கீழே குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

அம்மா கொஞ்ச நேரம் மூட்டையையும், கோழியைத் துரத்திக்கொண்டிருந்த பேத்தியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "எறக்குங்க" என்றார். "ஆனா சும்மா வாங்கிக்கமாட்டேன். ரெண்டு மூட்ட எறங்குனா ரெண்டு மூட்ட ஏறும்."

அன்றிலிருந்து எங்கள் அரிசி சுத்துக்கேணியிலும், சுத்துக்கேணி அரிசி எங்கள் வீட்டிலும் வேகிறது. "உங்க மாமியா வூட்டு அரிசி குழையுதுடி" என்று அம்மா சொல்கிறார். "உங்கம்மா வூட்டு அரிசி இன்னாம்மா இவ்ளோ தண்ணி கேக்குது" என்று எங்கள் வீட்டில் என் மாமியார் சொல்கிறார். மூட்டையை மட்டும்தான் நான் இங்குமங்கும் சுமப்பது. கருத்துகளை வழியிலேயே விட்டுவிடுவேன்.

மாதம் இரண்டுமுறை போகிறோம். போன தடவை பத்துக்கண்ணு தாண்டும்போது, பின்சீட்டில் என் மடியில் காலை நீட்டிக்கொண்டு என் மகள் ஆரம்பித்தாள்.

"ம்மா, ஆயா வூடு எப்ப வரும்? போரடிக்குது. பசிக்குது. காலு வலிக்குது. எனக்கு அந்தப் பக்கத்து ஜன்னல் வேணும்."

"வாய மூடிக்கினு வரமாட்டியாடி?" என்றார் அவள் அப்பா.

"வுடுங்க" என்றேன். "பேசிக்கினே வரட்டும்."