எம்.பி.யின் நோர்வேக் கிளை

நான் இருக்கும் நோர்வேச் சிற்றூரில் வெற்றுப் போத்தலைக் கடையிலுள்ள இயந்திரத்தின் வாயில் போட்டால் சில்லறை திரும்பக் கிடைக்கும். 'பான்ட்' என்பார்கள். ஒரு சனிக்கிழமை போத்தல் பையோடு நிற்கிறேன். பின்னால் இன்னொரு பையோடு நிற்பவர் ஊர்ஃபோரர், அதாவது இந்த ஊரின் நகரபிதா. காவலுக்கும் ஆள் இல்லை, பை தூக்கவும் ஆள் இல்லை. மன்னார்க்காரனான என் முதுகு தானாகவே வளைந்துவிட்டது. விலகி நின்று இரண்டு கையாலும் வழி காட்டினேன். அவர் இயந்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பழுதா என்று கேட்டார். மரியாதையை விளங்கப்படுத்த என்னிடம் அவ்வளவு நோர்வேஜியன் இல்லை. ஓம், பழுது என்றுவிட்டேன். மனுசன் நன்றி சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். காசாளர்ப் பெண் பார்த்துக்கொண்டிருந்ததால் நானும் என் போத்தல்களை வீட்டுக்கே சுமக்க வேண்டியதாயிற்று.

இந்த முதுகெலும்பை வைத்துக்கொண்டுதான் மன்னாரிலுள்ள எங்கள் ஊரின் முகநூல் குழுவில் அந்தப் பகுதி எம்.பி.க்காகச் சண்டை பிடிக்கிறேன். எங்கள் ஓலைத்தொடுவாய்க் கரையில் இறங்குதுறை கட்டித் தருவதாகச் சொல்லி அவர் ஒரு கல் நட்டார். நட்ட கல் நட்டபடியே நிற்கிறது. அன்ரனும் நானும் ஒருகாலத்தில் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். அந்தக் கல்லில் ஒரு கழுதை முதுகு சொறியும் படத்தைப் போட்டு, 'இதுக்காவது பிரயோசனப்படட்டும்' என்று அவன் எழுதினான். கல்தான் எதற்கும் தொடக்கம், பொறுமை வேண்டும் என்று நான் பதில் எழுதினேன். அன்றிலிருந்து எனக்கு 'எம்.பி.யின் நோர்வேக் கிளை' என்று பெயர்.

உண்மையில் எம்.பி.யை நான் நேரில் கண்டதில்லை. அவருக்கு வாக்குப் போட்டதும் இல்லை. முதலில் நான் குழுவில் போட்டது பனி மூடிய என் ஜன்னலின் படம். இரண்டு பெருவிரல்கள் விழுந்தன, அதில் ஒன்று தவறுதலாக அழுத்தியதாம். எம்.பி.யைத் தாங்கிப் பேசியபோதோ ஊரே திரண்டு வந்தது. சின்ன வயதில் ஓரா மீனின் முள் குத்தி, கரையிலிருந்து கோயில் வரை அழுதுகொண்டே ஓடியவன் நான். அதனால் ஊருக்கு நான் 'ஓரா'. 'ஓரா, உனக்கென்னடா தெரியும்?' என்று யாரோ எழுதியிருந்தார்கள். இந்த நாட்டில் என் பெயரை முழுதாகச் சொல்ல யாருக்கும் நாக்கு வளையாது. அந்த ஏச்சை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதன் பிறகு எம்.பி. என்ன செய்தாலும், முக்கியமாக எதுவும் செய்யாவிட்டாலும், அது சரியென்றே எழுதினேன்.

பிறகு கடலைக் கிளப்பும் சோளகக் காற்று தொடங்கியது. இறங்குதுறை இல்லாத கரையில் வள்ளத்தை இழுக்கையில், அலை அதைத் தூக்கி அன்ரனின் காலில் போட்டுவிட்டது. அவன் குழுவில் போட்ட மாவுக்கட்டுப் படத்தின் கீழே, 'நோர்வேக் கிளை என்ன சொல்லுது?' என்று கேட்டிருந்தார்கள். எழுதினேன், அழித்தேன். அன்ரனுக்கு அழைக்கவும் முகமில்லை. அந்தக் கிழமை முழுவதும் என் கைபேசி சவம்போலக் கிடந்தது.

ஞாயிறன்று அவனே அழைத்தான்.

"என்னடா ஓரா, சத்தத்தைக் காணேல்லை?"

"உன்ர கால் மச்சான்..."

"கால் என்ர கால். நீ ஏன் வாயை மூடினனீ? கட்டிலில கிடக்கிறன், சண்டை பிடிக்க ஒருத்தரும் இல்லை. இங்க எல்லாரும் எனக்கு ஓம் ஓம் எண்டுறாங்கள். அந்த மனுசனைப் பற்றி நல்லதா ஏதாவது எழுது."

எழுதுகிறேன் என்றேன். ஆனால் அந்தக் காலைப் பார்த்த பிறகு எம்.பி.யைக் காப்பாற்ற ஒரு வரிகூட வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் ஊர்ஃபோரர் எனக்குப் பின்னால். இந்த முறை முதுகை நிமிர்த்திக்கொண்டேன். இந்த நோர்வே ஊரின் படகுத்துறையில் ஒரு பலகை உக்கிவிட்டது, யாராவது கால் முறியப் போகிறார்கள் என்று என் நொண்டி மொழியில் சொல்லிக் காலைத் தொட்டுக் காட்டினேன். எனக்குக் கால் வலியாக்கும் என்று நினைத்து மருத்துவரிடம் போகச் சொன்னார். விளங்க வைப்பதற்குள் எங்கள் பின்னால் வரிசை நீண்டுவிட்டது.

சில நாட்களில் அந்த இடத்தில் புதுப் பலகை. படமெடுத்துக் குழுவில் போட்டு, 'எம்.பி.யின் கல் அங்கே, பலகை இங்கே. துறையில் பாதி முடிந்துவிட்டது' என்று எழுதினேன்.

அன்ரனின் பதில் உடனே வந்தது: 'நடுவில கடலெல்லோ கிடக்குது, ஓரா.'

கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பலகையிலேயே நின்றேன். துறையில் வேறு யாரும் இல்லை. பலகை ஒருவர் நிற்கப் போதும்.