துரையின் விரதம்

ஜலாலுதீன் பாய் சம்சாரம் ஆமினாவிடம் எதைக் கொடுத்து வைத்தாலும் கொடுத்தது கொடுத்தபடியே இருக்கும். அவளிடம் உள்ள கஷ்டமும் அதுதான். ஒருமுறை ஆயக்குடிக் கொய்யா வியாபாரி ஒருவன் விற்காத கூடையை அவளிடம் வைத்துவிட்டுப் போய், ஊரில் காய்ச்சலில் படுத்துவிட்டான். அவள் ஒரு பழத்தை எடுக்கவில்லை, யாரையும் எடுக்க விடவும் இல்லை. வீடு முழுக்கப் புளித்த நாற்றம். ஆளனுப்பி அவனிடம் கேள் என்றேன். கேட்டால் அவன் மனசு சங்கடப்படும் என்றாள். நம்பி ஒப்படைத்த பொருளை அவர்கள் வீட்டில் அமானிதம் என்பார்கள். அமானிதத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்பது மட்டும் இவளாகப் போட்டுக்கொண்ட சட்டம்.

நான் அவளுக்கு நேர் எதிர். கொடைக்கானல் பஜாருக்குக் கீழே ஒரே வரிசையில் எங்கள் மூன்று வீடுகள். நடுவில் கண்மணியாகிய நான். ஒரு பக்கம் ஆமினா, மறுபக்கம் சிவபாக்கியம். இரண்டு அடுப்பிலும் என்ன வேகிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வம்புக்காரி என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

சிவபாக்கியம் பள்ளிக்கூட விடுதிக்குத் துணி துவைத்துப் பிழைத்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இருந்தது ஒரு வெள்ளைப் பூனை. நிறத்துக்கும் மிதப்புக்கும் பொருத்தமாக அதற்குத் துரை என்று பெயர் வைத்திருந்தாள். அறுபத்திரண்டாம் வருஷத்து மழைக்காலத்தில் அவளுக்கு வலது கையில் பிடிப்பே இல்லாமல் போயிற்று. ஒரு கைக்குட்டையைக்கூடப் பிழிய முடியவில்லை. கை சரியானால் வருஷா வருஷம் மாலை போட்டு, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே வருகிறேன் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். கார்த்திகையில் கை திரும்பியது. மார்கழியில் மாலை போட்டாள். நேர்த்தியில் குறை வந்தால் கை மறுபடி போய்விடும் என்று அவளுக்குப் பயம். கை போனால் வயிற்றுக்கு என்ன வழி? அந்தப் பயம் எங்களுக்கும் இருந்தது.

பழனிக்கு நடக்கும் பேத்துப்பாறை ஊர்க்காரர்களோடு அவள் புறப்பட வேண்டிய நாள் வந்தது. பூனையைத் தூக்கிக்கொண்டு என் வாசலைத் தாண்டி ஆமினா வீட்டுக்குப் போனாள். எனக்கு எப்படி இருக்கும்? பக்கத்து வீட்டில் குத்துக்கல்லாட்டம் நான் இருக்கிறேன்! வாசல் கூட்டுகிற சாக்கில் காதைக் கொடுத்தேன்.

"ஒங்க வீட்டுல ஆக்குறதையே இதுக்கும் ஒரு வாய் போடுங்க தாயி. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் சிவபாக்கியம்.

"சரிக்கா" என்றாள் ஆமினா. அவ்வளவுதான் பேச்சு.

அப்போது நோன்பு மாசம் தொடங்கியிருந்தது. அந்த மாசத்தில் சாயங்காலமானால் ஆமினா வீட்டுக் கறிக்குழம்பு வாசம் என் சுவரைத் தாண்டி வரும். எங்கள் வீட்டில் பூசம் முடியும்வரை கவிச்சி கிடையாது. தின்னத்தான் கூடாதே தவிர, மோந்து பார்க்க முருகன் தடை சொல்லவில்லை. ஆனால் சிவபாக்கியம் போன நாளிலிருந்து அந்த வாசம் நின்றுபோயிற்று. இன்றைக்குக் கத்தரிக்காய், நாளைக்குப் பருப்பு, மறுபடி கத்தரிக்காய். இதென்ன கூத்து? பாயின் கம்பளிக் கடையில் வியாபாரம் படுத்துவிட்டதா? பாய்க்கு வயிற்றுக் கோளாறா? அவரோ நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குப் போய், கறி போட்ட கஞ்சியை அங்கேயே குடித்து, வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வீடு திரும்பினார். வழக்கமாக வீட்டுக்குக் கொண்டுவரும் கஞ்சித் தூக்கையும் காணோம். வழிமறித்துக் கேட்டேன். அவளையே கேளுங்கள் என்று ஒரு பெருமூச்சு விட்டுப் போனார். அவளைக் கேட்டால் சிரித்து மழுப்பினாள். எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

பூசத்துக்கு முதல் நாள் மத்தியானம் ஆமினா என் கதவைத் தட்டினாள். முகம் பேயறைந்தது போலிருந்தது. துரையைக் காணோம். தயிர்ச்சோற்றை மோந்து பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக இறங்கியது, திரும்பவே இல்லை.

இரண்டு பேரும் தேடினோம். நோன்பு வைத்த வறண்ட தொண்டையோடு அவள் பஜார் நெடுக "துரை, துரை" என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். நிஜமான துரை ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். மற்ற நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அவள் கண்ணைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

கடைசியில் பொன்னுவேல் கருவாட்டுக் கடையில் கண்டுபிடித்தோம். மூட்டைமேல் சப்பணமிட்டாற்போல் உட்கார்ந்து நெத்திலியைக் கடித்துக்கொண்டிருந்தது திருட்டுப் பயல். ஆமினா சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சுக்கா. வெரதம் கெட்டுப்போச்சு" என்று அழுதாள்.

பூனைக்கு ஏதடி விரதம் என்று அதட்டினேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மாலை போட்ட வீட்டுப் பூனை. அது கவிச்சியில் வாய் வைத்தால் நேர்த்தி பழுதாகுமே என்று இவளாக நினைத்திருக்கிறாள். நம் வீட்டில் ஆக்குவதையே போடச் சொன்னாளே, அப்படியானால் நம் வீட்டிலும் கறி ஆக்கக் கூடாது என்று அடுப்பையே மாற்றிவிட்டாள். பாவம் பாய், நோன்பு மாசத்தில் கத்தரிக்காய் தின்றது ஒரு பூனைக்காக.

"அந்தக் கை மறுபடி வெளங்காமப் போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுப் பாப்பேன்?" என்று புலம்பினாள். பூனையைத் தூக்கி அவள் மடியில் போட்டேன்.

பூசம் முடிந்து சிவபாக்கியம் வத்தலக்குண்டு வழியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஆமினா பூனையை அணைத்தபடி வாசலிலேயே நின்றாள். கட்டி வைத்தாற்போல் காவல் காத்தும் கருவாடு தின்றுவிட்டது என்று ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் அவள் பார்வை சிவபாக்கியத்தின் வலது கைமேலேயே இருந்தது. அந்தக் கை ஒரு பஞ்சாமிர்த டப்பாவைப் பிடித்திருந்தது.

சிவபாக்கியம் டப்பாவைக் கீழே வைத்தாள்.

"அடி கோட்டிக்காரி. கண்மணி வீட்டுல கவிச்சி இல்லேன்னுதானே ஒன் வீட்டுல விட்டேன்? என் வெரதத்துக்கு அது ஏன் பட்டினி கெடக்கணும்னு நெனைச்சேன். மாலை போட்ட வாயால கறி, மீனுன்னு சொல்லக் கூடாதேன்னுதான் அப்படிச் சொன்னேன்."

ஆமினா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. என்னை ஏன் தாண்டிப் போனாள் என்பதும் அப்போதுதான் விளங்கியது, மனசு ஆறிப்போயிற்று.

அன்று சாயங்காலம் நாங்கள் ஆமினா வீட்டில் இருக்கும்போதே பாய் கஞ்சித் தூக்கோடு வந்தார். ஆமினா கஞ்சியிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்தாள், ஆனால் கீழே வைக்கத் துணியவில்லை. சிவபாக்கியத்தின் கழுத்தைப் பார்த்தாள். மாலை இல்லை. சிவபாக்கியம் அவள் விரலிலிருந்து அதை வாங்கி, பிடிப்பு வந்த அந்தக் கையாலேயே நாராக நாராகப் பிய்த்துத் துரைக்கு வைத்தாள்.

"நீயும் குடி தாயி. நோன்புக்குள்ள இன்னொரு நோன்பு இருந்தவ நீ ஒருத்திதான்."

ஆமினா கஞ்சியை வாயருகில் கொண்டுபோய் நிறுத்தினாள். நான் அறிந்து அவள் யாரிடமும் கேட்காத மாதிரி ஒரு கேள்வி கேட்டாள்.

"அடுத்த வருசம் துரைக்கு என்னக்கா போடணும்? இப்பவே சொல்லிருங்க, மாலை போடுறதுக்கு முன்னாடி."