ஸ்பெயின்காரரின் கடைசி ஆட்டம்

அப்பா இரண்டு பேருக்காக மட்டும்தான் வெள்ளிக்கிழமை விரதம் பிடித்திருக்கிறார். ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருந்த பெரியப்பா. மற்றவர் ஒரு ஸ்பானிய உதைபந்தாட்டக்காரர்.

அந்த ஸ்பெயின்காரரும் அப்பாவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் லண்டனுக்கு வந்து சேர்ந்தவர்கள். அவரை உதைபந்துக் கழகம் கார் அனுப்பி அழைத்துப் போனது. அப்பா அகதியாக வந்து கைரேகை கொடுத்தார். ரீவியில் வந்த முதல் பேட்டியில் ஸ்பெயின்காரர் தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசியதைக் கண்ட அன்றே அப்பா அவரைத் தத்தெடுத்துவிட்டார். கோல் அடிப்பவர்களை ஊர் கொண்டாடும். இவரோ மைதானத்தின் நடுவில் நின்று, பந்தை வாங்கி, தலை நிமிர்ந்து ஒருமுறை பார்த்து, சேர வேண்டிய காலுக்கு அதைச் சேர்ப்பித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். முழங்கால் முறிந்து அவர் ஒரு பருவம் முழுவதும் கட்டிலில் கிடந்தபோது, வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை நடந்தது. ஐயர் நட்சத்திரம் கேட்டார். அப்பா கொஞ்சமும் கூசாமல் பெரியப்பாவின் நட்சத்திரத்தைக் கொடுத்தார். முழங்கால் குணமாகி அவர் மறுபடி ஆட வந்ததும், அந்தப் பெருமையை அப்பா தன் பங்குக்கும் எடுத்துக்கொண்டார்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது பெரியப்பா ஆஸ்பத்திரியில் கடுமையாகக் கிடந்தார். செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணம் போக அப்பா ரிக்கெற் எடுத்திருந்தார். அதற்கு முந்திய ஞாயிறுதான் ஸ்பெயின்காரரின் கடைசி ஆட்டம். கிண்ணத்துக்கான இறுதிப் போட்டி. அதோடு அவர் விளையாட்டையே விடுகிறார். அம்மா ஷிப்டுக்குப் போய்விட்டதால் அப்பாவுக்குத் துணையாக மாமா வந்து இருந்தார்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் குசினியில் மாமாவின் போன் அடித்தது. நான் அங்கே அடுப்புக்கு மேல் தட்டில் பிஸ்கற் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் சாவுச் செய்தியைக் கூடப்பிறந்தவருக்கு நேரே சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டில் வேறு யாருக்காவது சொல்லுவார்கள். அவர் பக்குவம் பார்த்து எடுத்துச் சொல்ல வேண்டும். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு "எப்ப?" என்று மட்டும் கேட்டார். திரும்பியபோது என்னைக் கண்டுவிட்டார்.

"மட்ச் முடியுமட்டும் அப்பாவுக்கு மூச்சுக் காட்டாதை, பிள்ளை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தது பெரியப்பா. இவருக்கு மட்ச்! மாமா எதுவும் நடக்காதவர்போல உள்ளே போய், சார்ஜ் போடுவதாகச் சொல்லி அப்பாவின் போனை வாங்கி, குசினி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

செய்தியைப் பூட்ட ஏலுமா? இரண்டாம் பாதி தொடங்க முன்னரே லூயிஷாமிலிருந்து சொந்தக்காரரின் முதல் கார் வந்தது. பிறகு விம்பிள்டனிலிருந்து. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் எல்லார் கையிலும் சோற்றுச் சட்டியும் தேநீர்ப் போத்தலும் இருந்தன. மாமா ஓசைப்படாமல் வெளியே போய் அவர்களை வேலியோரமாக நிறுத்தினார். சன்னல் வழியே பார்த்தேன். மழைக்குள் குடைகளின் கீழே ஒரு செத்தவீடே நின்றது. ஷிப்டிலிருந்து அவசரமாக வந்த அம்மாவும் யூனிபோமோடு அவர்களுக்குள் போய் நின்றுகொண்டா. பெரியவர்கள் எல்லாருக்குமே பந்துப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆட்டம் சமநிலையில் முடிந்து மேலதிக நேரத்துக்குப் போனது. ஸ்பெயின்காரரோ அந்த வயதிலும் துள்ளிக்கொண்டு ஓடினார். ஒரே நட்சத்திரத்தை இரண்டு பேருக்குக் கொடுத்ததால்தான் பெரியப்பாவுக்கு ஒன்றும் மிஞ்சாமல் போயிற்று என்று எனக்குப் பட்டது. அந்த ஸ்பெயின்காரரை அப்படி வெறுத்தேன். வெளியே யாரோ ஒருவர் அடக்க முடியாமல் விம்மியது எனக்குக் கேட்டது. மத்தியஸ்தரை வாய் ஓயாமல் திட்டும் அப்பா அன்று ஆடாமல் அசையாமல் இருந்தார்.

"பிள்ளை, அந்தத் திரையை இழுத்து விடு. வெளிச்சம் கண்ணைக் குத்துது."

ஓடிப்போய் இழுத்துவிட்டேன். மாமா தப்பினார் என்று பெருமூச்சு விட்டேன்.

கடைசி நிமிடங்களில் ஸ்பெயின்காரர் நொண்டத் தொடங்கினார். மாற்று வீரர் கோட்டருகே வந்து நின்றார். இவர் வேண்டாம் என்று கையை அசைத்தார்.

"நில்லடா பெடியா. இன்னும் கொஞ்சம் நில்," என்றார் அப்பா. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

விசில் ஊதியது. யார் வென்றார்கள் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. ஸ்பெயின்காரர் புல்தரையில் குந்திக்கொண்டு முகத்தை மூடினார். அப்பா ரீவியை நிறுத்தினார். சேட்டுப் பொத்தானைப் பூட்டினார். மாமா உள்ளே வருவதற்கு முன்பே தானே போய் வாசல் கதவைத் திறந்தார்.

"உள்ளுக்கை வாங்கோ. எவ்வளவு நேரமாய் நனையிறியள்," என்றார்.

அம்மா ஓவென்று அழுதா. வெளியே யாரோ சத்தமாக அழுதுதான் மாமாவின் தந்திரம் கடைசியில் பிடிபட்டுப் போனது என்று நான் நினைத்தேன். பல வருடங்கள் அப்படித்தான் சொல்லியும் வந்தேன், அந்தத் திரை நினைவுக்கு வரும்வரை. அன்று விடிந்ததிலிருந்து மழை. கண்ணைக் குத்த ஒரு பொட்டு வெயில்கூட அந்தச் சன்னலில் இருக்கவில்லை.