திருஷ்டிக்கு மாட்டிய செல்லப்பிராணி

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துச் சம்பாதித்த என் அண்ணன் திருப்பதியில் மாடிவீடு கட்டினான். கிரகப்பிரவேசத்துக்குச் சித்தூர் பக்கத்துக் குடிபாலாவிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். வாசலில், பூத முகம் வரைந்த பூசணிக்காய் தொங்கவேண்டிய இடத்தில், ஒரு ஜப்பான் கார்ட்டூன் பிராணியின் முகம் தொங்கியது. மூன்று கண், முகத்தில் பாதி வாய். அந்தக் கார்ட்டூனில் ஒரு பேய்க் குடும்பம் அதைச் செல்லமாக வளர்க்கிறதாம். அது தபால்காரரை முழுங்குமாம். வயிற்றில் கிச்சுகிச்சு மூட்டினால் துப்பிவிடுமாம். இந்தக் கண்றாவியைப் பார்க்கத்தான் பிள்ளைகள் டிவி முன்னால் தவம் கிடக்கின்றன.

"பாப்பாவுக்கு இதுன்னா உசுரு. இதுவும் பூதம்தானேடா" என்றான் அண்ணன்.

பூதம் என்றால் பார்க்கிறவனுக்கு வயிறு கலங்க வேண்டும். இதுவோ தலையைத் தடவிக்கொடு என்பதுபோல் பல்லிளித்தது. நாலு காசு பார்த்தவனுக்குத் திருஷ்டி கழிக்கக்கூட மறந்துவிட்டது. இத்தனை பெரிய வீடு, பளபளவென்று கிரானைட், அதன் நெற்றியில் இந்த அசிங்கம். வாசல் பந்தலில் இலை போட்ட பிறகும் என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

அண்ணன் மகள் வந்து என் எதிரில் நின்றாள். "எல்லாரும் அத்தப் பாத்து சிரிச்சிக்கினு போறாங்க சித்தப்பா. நீங்க மட்டும்தான் வந்ததுலேர்ந்து எங்க வீட்டயே மொறச்சிக்கினு இருக்கீங்க."

அண்ணி உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து, என் கண்ணெதிரிலேயே மகளுக்குச் சுற்றிப் போட்டாள்.